உடையாத கட்டி

கமலவேணிக்கு,

உன் அண்ணனுக்காகத்தான் நான் ஜெயிலுக்கு வந்தேன்னு ஊரே சொல்லுதாம். அதக் கேட்டு எனக்காக அழுதுக்கினு இருக்காத. முதல்ல இதப் படி.

நெசவாளர் காலனிக்கு நான்தானே மேஸ்திரி? மேல்தளம் போடற கலவையிலயே சதுரமா கட்டி வார்த்து, பலம் பாக்கற சோதனைக்கு அனுப்பணும். கான்ட்ராக்டர் சொன்னான்னு, அந்தக் கட்டிங்களுக்கு மட்டும் சிமெண்டைத் தாராளமா போட்டு வார்த்தேன். தளத்துக்கு முக்காவாசி மணல். பாஸ்னு காயிதம் வந்துது. உன் அண்ணன் வீரபாகு மச்சான் அங்க குடி வந்தப்ப, "கோயில் மாதிரி நிக்கும் மச்சான்"னு சிரிச்சேன்.

தளம் இடிஞ்சு இறங்கனப்ப மத்தவங்க வெளிய ஓடிட்டாங்க. மச்சான் தறிக்குழியில கால விட்டுக்கினு நெய்துக்கினு இருந்தாரு. கால வெளிய எடுக்கறதுக்குள்ள நசுங்கிட்டாரு. இடிஞ்சத என் கையாலதான் வாரினேன். காங்கிரீட்டு விபூதி மாதிரி உதிர்ந்து, அவர் ரத்தத்துல சேறாச்சு.

"சோதனையில பாஸ் ஆச்சேப்பா"ன்னான் கான்ட்ராக்டர். மிச்சமான கட்டி ஒண்ண அவன் ஆபீஸ் கதவுக்கு முட்டுக் குடுத்து வெச்சிருந்தான். அதத் தூக்கி அவன் மண்டையில போட்டேன். மூணு தடவ. மண்டை பொளந்துடுச்சு.

கட்டியில ஒரு முனைகூட உதிரல, கமலா. அவ்வளவு நல்லா வார்த்திருந்தேன்.

இப்படிக்கு,
உன் அண்ணனுக்குத் தளம் போட்டவன்