முக்கால் மெத்தை

என் செல்லப் பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சின்னவளும் இங்கே நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் உன் இடது குதிகாலும் நன்றாக இருக்கிறீர்களா? சிரிக்காதே, உண்மையாகத்தான் கேட்கிறேன். போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் கத்துகிறோம், நீ பட்டென்று வைத்துவிடுகிறாய், அப்புறம் இரண்டு நாளைக்கு நான் எதைத் தொட்டாலும் கீழே போடுகிறேன், போன வாரம் மட்டும் இரண்டு டம்ளர், ஒரு மூடி. அதனால்தான் கடிதம். இதை நீ நடுவில் துண்டிக்க முடியாது பார். சின்னவள் கார் ஓட்டும் தேர்வில் மூன்றாம் தடவையும் கோட்டை விட்டாள், ஆனால் இந்தத் தடவை எதையும் இடிக்கவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அப்பாவின் ஜெராக்ஸ் கடையில் புது மெஷின் வந்திருக்கிறது, அதைத் துடைக்கிற அக்கறையில் பாதியை என்னிடம் காட்டியிருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "நான் ஒண்ணும் உன் வார்டு பேஷண்ட் இல்லம்மா" என்றாயே, சுருக்கென்று தைத்தது. முப்பத்திரண்டு வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறவளிடம் மகன் பேசுகிற பேச்சா இது என்று அப்பாவிடம் அழுதேன். அவர் நிதானமாக, "அவன் சொன்னது சரிதானே, உன் வார்டு பேஷண்ட் யாரும் உன்னை எதிர்த்துப் பேச மாட்டாங்களே" என்றார். இந்த மனுஷனிடம் போய் ஆறுதல் தேடினேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். நீ மலையில் நாலு நாள் நடக்கப் போகிறேன், கூடாரத்தில்தான் படுக்கை, கூட அந்தப் பல் டாக்டர் பெண்ணும் வருகிறாள் என்றபோது நான் சந்தோஷப்பட்டேன், அது கடவுளுக்குத் தெரியும். அவளுக்கு உன் கால் சங்கதி இன்னும் தெரியாது என்றாய், அதற்கும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் பாரம் குறைய வேண்டுமென்று முக்கால் நீள ஃபோம் மெத்தை வாங்கப் போகிறேன், "முழங்கால் வரைக்கும் போதும், காலுக்கு எதுக்கும்மா மெத்தை" என்றாய் பார், அங்கேதான் எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. போகவே வேண்டாம் என்று கத்திவிட்டேன். அது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். போ, நல்லபடியாகப் போய் வா. மெத்தையில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்லுகிறேன், பெற்றவள் சொல்லத்தான் செய்வாள். பதினெட்டு வயதில் அந்த ஸ்கூட்டர் உன்னைத் தூக்கிப் போட்டதில் முதுகெலும்பில் விழுந்த விரிசல் ஆறிவிட்டது, நீ எழுந்து நடந்தாய், ஆனால் இடது இடுப்பிலிருந்து குதிகால் வரைக்கும் தோலுக்கு உணர்ச்சி திரும்பவில்லை. மறுவருஷம் ஒரு சாக்ஸ் மடிப்பு ஒரு நாள் பூராவும் குதிகாலில் அழுத்தி, உனக்குத் தெரியாமலே புண்ணாகி, ஆறுவதற்கு நாலு மாதம் பிடித்தது. அதே இடத்தில் இன்னொரு புண் வந்தால் எலும்பைத் தொட்டுவிடும், அப்புறம் காலைக் காப்பாற்றுவது கஷ்டம் என்று டாக்டர் அப்போதே சொன்னார். அது வெறும் துணி மடிப்புடா. இது ராத்திரி பூராவும் மலைக் கல்.

அதனால் வார விடுமுறையில் முகாம் சாமான் விற்கிற கடைக்கு நானே போனேன். காற்று ஊதுகிற மெத்தையைத்தான் கடைக்காரர் முதலில் விரித்தார், படுத்தால் சொர்க்கம். ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன், "உடனே தெரிஞ்சிடும் மேடம், முதுகுல கல்லு குத்தும்" என்றார். உனக்கு இடுப்பில் குத்தினால் தெரியுமா? காலையில்தான் தெரியும். அது வேண்டாம். அடுத்து நாலு விரல் கனத்தில் மெத்தென்று ஒரு ஸ்பாஞ்ச், அது தண்ணீரைக் குடிக்கும், நனைந்தால் பிழிந்து காய வைக்க ஒரு நாள் ஆகும். மூன்றாவது தண்ணீர் குடிக்காத கெட்டி ஃபோம், முட்டை அட்டை மாதிரி மேடும் பள்ளமுமாக, விசிறி போல மடிகிறது, கிழிந்தாலும் மெத்தையாகவே இருக்கும், தரையின் குளிரையும் ஏற விடாது. நான் கைப்பையைத் தலைக்கு வைத்து அங்கேயே ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தேன். "நீங்களா மலைக்குப் போறீங்க?" என்றார் கடைக்காரர். என் மகன் என்றேன். "அப்போ அவர்தானே படுத்துப் பார்க்கணும்" என்றார். அவன் படுத்தால் அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று நான் சொன்னதும், பாவம், மனிதர் நம் வீட்டில் ஏதோ பெரிய பிரச்சினை என்று நினைத்து மேற்கொண்டு கேட்கவில்லை.

ஒன்று வாங்கி வந்து கூடத்தில் விரித்து அப்பாவைப் படுக்க வைத்தேன். வார்டில் நாங்கள் செய்கிற சோதனைதான், மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை மேலே பார்க்க வைத்துக் கையை இடுப்பு வரைக்கும் நுழைக்க வேண்டும், எலும்பு கையில் தட்டினால் அந்த மெத்தை உதவாது. அப்பாவுக்கு உடம்பெல்லாம் கூச்சம், நெளிந்து சிரித்து, மேஜை விளக்கைத் தட்டிவிட்டார், சின்னவள் ஓடி வந்து எங்களைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன். எலும்பு தட்டியது. அப்போதுதான் எனக்கு அந்த மகா புத்தி உதித்தது. இடுப்பு படுகிற இடத்தில் ஃபோமே இல்லாவிட்டால் அழுத்தமே இருக்காதே என்று காய் நறுக்கும் கத்தியால் வட்டமாக ஓட்டை போட்டேன், குதிகாலுக்கும் ஒன்று. அழகாக வெட்டினேன், ஓரத்தைத் தீய்த்துக்கூட விட்டேன். வேலை முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோதுதான் நான் வெட்டி வைத்திருப்பது வளையம் என்று புரிந்தது. அந்தக் காலத்தில் நோயாளிகளுக்கு அடியில் வளையம் வைப்போம், அந்த வளையமே சுற்றிலும் அழுத்தி நடுவில் ரத்தம் வராமல் செய்து புண்ணை வரவழைக்கும் என்று தெரிந்த பிறகு, எங்கள் வார்டில் இருந்த வளையங்களை எல்லாம் பொறுக்கித் தூக்கிப் போட்டதே நான்தான்! புது நர்ஸ்களுக்கு வகுப்பெடுக்கிறவளும் நான்தான். சொந்தப் பிள்ளை என்றதும் படித்தது எல்லாம் எங்கே போகும் என்று தெரியவில்லை. அப்பா அந்த ஓட்டை மெத்தையைத் தன் கடைக்கு எடுத்துப் போய்விட்டார், மெஷினுக்கு அடியில் போட்டால் சத்தம் குறைகிறதாம்.

மறுநாள் போய் இரண்டு வாங்கி, ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு, அப்பாவை மறுபடி படுக்க வைத்தேன். எலும்பு தட்டவில்லை. இவை பார்சலில் வந்து சேர்வதற்குள் நீ கிளம்பிவிடுவாய், அதனால் அங்கேயே இரண்டு வாங்கு, இரண்டும் முழு நீளம். ஒன்று அரைக் கிலோகூட வராது, பாரம் என்று முனகினால் அந்தக் கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போ. கெண்டைக்காலுக்கு அடியில் ஸ்வெட்டரைச் சுருட்டி வை, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கட்டும். இடையில் எழுந்தால் புரண்டு படு.

இவ்வளவும் செய்தாலும் தினமும் காலையில் பார்த்தே ஆக வேண்டும். நம் நிறத்துக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, சுற்றியிருக்கிற தோலைவிடக் கருத்திருக்கும், தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும், அப்படி இருந்தால் அன்றைக்கு நடை கிடையாது. குதிகாலை நீ கண்ணாடியில் பார்த்துக்கொள்வாய், இடுப்பின் பின்பக்கத்தைக் கூடாரத்துக்குள் குனிந்துகொண்டு எப்படிப் பார்ப்பாய்? அந்தப் பெண்ணிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் ராஜா. நாள் பூராவும் ஊரார் வாய்க்குள் எட்டிப் பார்க்கிறவளுக்கு உன் குதிகால் ஒரு பெரிய காரியமா? தெரிந்தால் போய்விடுவாளோ என்று நீ பயப்படுகிறாய், நீ சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். என் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளியூர் போன ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் முகத்தைக் காட்டுவதற்கு முன்னால் குதிகாலைக் காட்டுகிறாய், அதைப் பார்த்துவிட்டால்தான் எனக்கு அந்த வாரம் ஓடும். அவளுக்குத் தெரியாது என்று நீ சொன்னபோது, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், எனக்கு உள்ளே ஒரு நிம்மதி வந்தது. அவள் பார்க்க ஆரம்பித்துவிட்டால் என்னிடம் எதற்குக் காட்டப் போகிறான் என்று. பெற்றவளுக்கு வரக்கூடிய நிம்மதியா அது? அதை நினைத்து இரண்டு நாள் என் மேலேயே எனக்குக் கோபம்.

கிளம்புவதற்கு முன்னால் அவளை உட்கார வைத்துச் சாக்ஸைக் கழற்றிக் காட்டு. முகம் சுளித்தால் உடனே எனக்குப் போன் போடு, இந்தத் தடவை நான் கத்த மாட்டேன். சுளிக்காவிட்டால் இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிடு. காலும் மனசும் நோகாமல் ஏறி இறங்கி வர உனக்கு எங்கள் எல்லாருடைய ஆசிகளும். இனி எழுதுவது அவளுக்கு, நீ படிக்காதே.

அம்மாடி, இடது இடுப்பு, பின்பக்கம். இடது குதிகால், வெளி ஓரம். காலை வெளிச்சத்தில் பார், விரலால் தொட்டுப் பார். வேண்டாம் விடு என்று கத்துவான், நீ பாட்டுக்குப் பார். பார்த்துவிட்டு, முடிந்தால், எனக்கு ஒரு வரி போடு.

அன்புடன்,
அம்மா