ஆணைக் கிண்ணத்தில் விழுந்த ஈயைக் குறித்து மஞ்சுமலை வேந்தருக்கு

மேகம் தங்கிச் செல்லும் மலைகளுக்கு உரியவரும், அருவிகள் ஏழின் காவலரும், யானைப் படையால் பெயர் பெற்றவரும், எங்கள் பொலங்கொடி நாச்சியாருக்குத் தாய்மாமனாரும் ஆகிய மஞ்சுமலை வேந்தர் காரிக்கோடனார் திருமுன்பு, மருதவளை நாட்டுப் பேரமைச்சர் நல்வேண்மாள் தலை வணங்கி விடுக்கும் ஓலை. தேவரீர் நாட்டில் மழை பருவம் தவறாதிருக்க. தங்கள் களஞ்சியம் நிறைந்திருக்க. தங்கள் உண்கலத்தை ஈ அண்டாதிருக்க. இம்மூன்றாம் வாழ்த்து நம் முன்னோர் ஓலைகளில் இல்லாதது என்பதை அறிவேன். அதை ஏன் சேர்த்தேன் என்பதே இவ்வோலையின் பொருள்.

எங்கள் எல்லையில் பாளையம் இறங்கியிருந்தபடி தேவரீர் விடுத்த ஓலை அவையில் படிக்கப்பட்டது. கார்காலம் முடிவதற்குள் நாச்சியார் முடிசூடாவிட்டால் இந்நாட்டின் ஆட்சி தாய்மாமன் பொறுப்பில் சேரும் என்று மறைந்த மன்னர் வகுத்த ஏற்பாட்டை அதில் நினைவூட்டியிருந்தீர்கள். ஒரு கிண்ணத்தை ஈயிடமிருந்து காக்கத் தெரியாத பெண் ஒரு நாட்டைப் பகைவரிடமிருந்து எப்படிக் காப்பாள் என்றும் வினவியிருந்தீர்கள். கருவூலச் சாவிகளுக்கு எண்ணெய் பூசி வைக்குமாறும் பணித்திருந்தீர்கள். இதைக் கேட்ட நாச்சியார், மாமனுக்குத் தம்மீது அன்பு மிகுதி என்றும், சாவிகளின்மீது அதைவிடச் சற்றே மிகுதி என்றும் மொழிந்தார். அவை சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஏனெனில் தங்கள் கேள்வி நியாயமானது. அதற்கு விடை அப்போது என்னிடம் இல்லை.

எங்கள் முடிசூட்டு முறை தேவரீர் அறிந்ததே. புளிக்க வைத்த பழச்சாறு நிறைந்த ஆணைக் கிண்ணம் அரியணையின் கையருகே வைக்கப்படும். முன்னோர் புகழ் முழுவதும் பாடி முடியும்வரை அது திறந்தே இருக்க வேண்டும். மூடி வைத்த கிண்ணத்தில் நஞ்சு கலக்கலாம் என்று அஞ்சி யாரோ ஒரு பாட்டனார் வகுத்த விதி அது. பாட்டு முடிந்ததும் அரசர் அதைப் பருகி ஆணையிட்டால் முடி அவருக்கு உரியது. இடையில் ஏதேனும் ஓர் உயிர் அதில் விழுந்தால் சடங்கு நிற்கும்; அடுத்த நல்ல நாள் வரை காத்திருக்க வேண்டும்.

முதன்முறை ஓர் ஈ விழுந்தது. எள்ளளவு உடலும் செங்கண்களும் கொண்ட பழ ஈ. யாரும் பெரிதாகக் கருதவில்லை. இரண்டாம் முறை படைத்தலைவர் விறற்கோனார் அரியணையைச் சுற்றி வீரர்களைச் சாமரத்துடன் நிறுத்தினார். தம் படை இதுவரை ஒரு போரிலும் புறமுதுகிட்டதில்லை என்று அவையில் உரைத்துவிட்டே நிறுத்தினார். சாமரங்கள் எழுப்பிய காற்றில் சடங்குத் தலைவர் ஆதன்கணியாரின் தலைப்பாகை பறந்தது. ஈ பறக்கவில்லை, கிண்ணத்தில் இறங்கியது. மூன்றாம் முறை சாளரங்களுக்கெல்லாம் மெல்லிய துகில் கட்டி, கதவிடுக்குகளை மெழுகால் அடைத்து, முந்தைய நாளே மண்டபத்தைப் பூட்டி முத்திரையிட்டோம். அப்போது உள்ளே ஓர் ஈயும் கண்ணுக்குப் படவில்லை. காலையில் முத்திரை உடைத்துத் திறந்தால், அரியணையைச் சுற்றி ஈக்கள் புகைபோல் ஆடிக்கொண்டிருந்தன. அன்றும் சடங்கு நின்றது.

பூட்டிய மண்டபத்துக்குள் அவை எவ்வழியே வந்தன? கொத்தரை அழைத்துச் சுவரைத் தட்டிப் பார்த்தேன், விரிசல் இல்லை. ஆதன்கணியார் நாச்சியார் பிறந்த நட்சத்திரமாகிய நாள்மீனே ஈயாக இறங்குகிறது என்றார். தம் நாள்மீனுக்குப் பழத்தின்மேல் இத்தனை ஆசை உண்டென்று தாம் இதுவரை அறியவில்லை என்று நாச்சியார் விடை கூறினார். ஆயினும் அன்று அவர் உணவு கொள்ளவில்லை. அடுத்த நல்ல நாளே கார்காலத்தின் கடைசி நல்ல நாள். அது தவறினால் தேவரீரின் யானைகள் எங்கள் கோட்டைக்குள் வரும்.

அன்று மண்டபத்தில் தனியே அமர்ந்து, ஈ எங்கே இறங்குகிறது என்று மட்டும் பார்ப்பதென்று முடிவு செய்தேன். கிண்ணம் அப்போது அங்கே இல்லை. இருந்தும் ஈக்கள் அரியணையை விட்டு அகலவில்லை. அவை மொய்த்தது அரியணையின் அடியில் குவிந்திருந்த பழத்தில்.

உறவினர் அனுப்பிய பழக்காணிக்கை முடிசூடும்வரை அரியணையடியில் இருக்க வேண்டும் என்பதும், கொடுத்தவர் கைபட்ட பழத்தைக் கழுவலாகாது என்பதும் எங்கள் வழக்கம். சடங்கு நின்றால் பரிகாரமாக மேலும் ஒரு குவியல் சேரும். ஆக, முதல் ஈ விழுந்ததற்கு ஒரு குவியல், இரண்டாம் ஈ விழுந்ததற்கு இன்னொரு குவியல். இவற்றில் பெரும்பகுதி மஞ்சுமலை வாழைத்தார்களும் பலாப்பழங்களும். ஒவ்வொரு முறையும் தேவரீர் தவறாது அனுப்பிய அன்புக் காணிக்கை. இதில் தங்கள் உள்நோக்கம் ஏதும் இருந்ததாக யாம் எண்ணவில்லை. படைத்தலைவர் மட்டும் எண்ணினார், அவரை அடக்கினேன்.

இனி நான் சொல்வதைத் தேவரீர் சற்றுப் பொறுமையுடன் கேட்டருள வேண்டும். இக்காரியத்தில் எனக்கு மிக உவப்பான பகுதி இதுதான்.

மூன்று பானைகளை எடுத்தேன். ஒன்றில் குவியலிலிருந்து எடுத்த பழங்களை அப்படியே இட்டேன். இரண்டாவதில் அதே குவியலின் பழங்களில் தோல் வெடிக்காதவற்றை மட்டும் பொறுக்கி, நன்கு தேய்த்துக் கழுவித் துடைத்து இட்டேன். மூன்றாவதில் பழமே இல்லை. மண்டபத்து நீர் வெளியேறும் தூம்பின் உட்புறத்தில் வழவழவென்று படிந்திருந்த கசடை வழித்து இட்டேன். சடங்கு நின்ற ஒவ்வொரு முறையும் கிண்ணத்துப் பழச்சாற்றை அத்தூம்பில்தான் கொட்டியிருந்தோம். மூன்று பானைகளின் வாயையும் துகிலால் இறுகக் கட்டி என் அறையில் வைத்துக்கொண்டேன். அமைச்சர் ஊறுகாய் போடுகிறார் என்று அரண்மனையில் பேச்சு எழுந்ததாகவும், ஒருவர் உப்பு போதுமா என்று கேட்டனுப்பியதாகவும் பின்னர் அறிந்தேன்.

முதற்பானையில் நூல் நுனிபோன்ற வெண்புழுக்கள் தோன்றின. அவை கூடாகி, கூடு கிழிந்து ஈக்களாயின. தூம்புக் கசடு இருந்த பானையிலும் அவ்வாறே. கழுவிய பழங்கள் இருந்த பானையில் ஓர் ஈயும் இல்லை.

தேவரீர், இதன் பொருளைக் காண்க. தாய் ஈ கனிந்து புளிக்கத் தொடங்கிய பழத்தின்மேல், அதிலும் வெடித்த இடத்தில், கண்ணுக்குப் புலப்படாத முட்டைகளை நூற்றுக்கணக்கில் இடுகிறது. வெப்ப நாளில் பத்து நாள்போல் கடந்தால் முட்டை ஈயாகிவிடுகிறது. எங்கள் நல்ல நாட்களின் இடைவெளியோ அரைத்திங்கள். அதாவது, ஒவ்வொரு பரிகாரமும் அடுத்த சடங்கைக் கெடுக்கும் ஈக்களைப் பிசகாமல் வளர்த்துக் கொடுத்தது. சாளரத்தை அடைத்தபோது யாம் வெளியே நின்ற ஈயைத் தடுக்கவில்லை. உள்ளே பிறந்தவற்றுக்குக் காவல் போட்டோம். முத்திரையும் குத்தினோம்.

ஆணைக் கிண்ணத்தை அவை நாடியதற்கும் மறைபொருள் இல்லை. புளித்த வாசனை எங்கே எழுகிறதோ அங்கே தம் குஞ்சுகளுக்கு உணவுண்டு என்று அவை அறியும். அரசுரிமையில் அவற்றுக்கு அக்கறை ஏதும் இல்லை.

இவ்வளவும் கூறிப் பழங்களை அகற்ற வேண்டும் என்று அவையில் வேண்டியபோது ஆதன்கணியார் ஒப்பவில்லை. அமைச்சர் பானையில் வளர்த்த பூச்சிக்காக முன்னோர் வழக்கத்தை மாற்றுவதா என்று சினந்தார். ஈ எள்ளளவு உயிர், கடிக்காது, கொட்டாது, அதனால் யாருக்கு என்ன கேடு என்றும் கேட்டார். அதற்கு முன்பு, குவியலருகே அறுத்துத் திறந்து வைத்த பலாச்சுளைகளை உண்ட கொம்பூதுவோர் வயிற்றைப் பற்றிக்கொண்டு ஊர்வலத்தின் நடுவே கொம்பைக் கீழே போட்டு ஓடியது அவருக்கும் தெரியும். அதுவும் நாள்மீனின் குற்றமே என்று அவர் கருதியிருந்தார்.

ஆகவே அவர் காணும்படி ஒன்று செய்தேன். தூம்பின் விளிம்பில் செங்காவிப் பொடியைத் தூவினேன். மண்டபத்தின் மறுகோடியில் அவரே தம் கையால் வெள்ளைத் துணி விரித்து, கனிந்த வாழைப்பழத் துண்டுகளையும் தமக்குரிய தயிர்ச்சோற்றையும் வைத்தார். பூசை முடித்து அவர் திரும்பி வந்தபோது பழத்தின்மேலும் துணியின்மேலும் ஊசி முனையளவு சிவந்த புள்ளிகள். தயிர்ச்சோற்றிலும் சில. தூம்பில் நின்ற கால்களே இங்கும் நின்றன என்றும், காவிப்பொடி ஏறியதுபோலவே சாக்கடையின் அழுக்கும் கண்ணுக்குத் தெரியாத நோய் வித்துகளும் அக்கால்களில் ஏறி வரக்கூடும் என்றும் விளக்கினேன். எல்லா வயிற்றுவலிக்கும் ஈயே காரணம் என்று நான் கூறவில்லை என்பதையும் சேர்த்தே உரைத்தேன். கேடு கடியில் இல்லை, காலடியில் இருக்கிறது என்பதே என் கூற்று. ஆதன்கணியார் தம் தயிர்ச்சோற்றைத் தள்ளி வைத்தார். பிறகு, அன்று காலையும் அதே இடத்தில் வைத்த சோற்றைத்தான் தாம் உண்டதாக மெல்லக் கூறி, பழங்களை உடனே எடுக்குமாறு எல்லோருக்கும் முன்பாக அவரே கூவினார்.

காணிக்கை அவமதிக்கப்படலாகாது என்பதை நாச்சியார் மறக்கவில்லை. நல்ல பழங்களைக் கழுவித் துடைத்து அன்றே நகரத்தார்க்கு வழங்கச் செய்தார். மாமன் கொடுத்ததை மக்கள் உண்பதைவிடப் பெரிய மரியாதை எது என்று அவர் கேட்டார். அழுகியவை ஊருக்கு வெளியே ஆழப் புதைக்கப்பட்டன. தூம்பைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கொதிநீர் ஊற்றினோம். தரை துடைக்கும் துணிகள் ஈரத்தோடு மூலையில் கிடப்பதைக் கண்டேன். அவற்றிலும் புழு இருந்தது. துவைத்து வெயிலில் உலர்த்தச் செய்தேன். எஞ்சிப் பறந்த ஈக்களுக்காகக் குறுகிய கலங்களில் புளித்த காடியை ஊற்றி, பூந்திக்கொட்டை நுரையைச் சில துளி கலந்து, வாயில் இலைக்கூம்பு செருகி வைத்தேன். காடியின் வாசனை ஈயை அழைக்கும். கூம்பின் சிறு துளை வழியே உள்ளே போகத் தெரிந்த ஈக்கு வெளியே வரத் தெரியாது. வெறும் காடியாயின் அதன் மேற்பரப்பில் ஈ நின்றுவிடும். பூந்திக்கொட்டை அந்த மேற்பரப்பைத் தளர்த்துவதால் கால் வைத்ததும் மூழ்கும். இதைப் படைத்தலைவருக்கு விளக்கியபோது, இதையே அகழியில் பகைவருக்குச் செய்ய எத்தனை பூந்திக்கொட்டை வேண்டும் என்று வினவினார். கணக்கிட்டுச் சொல்வதாக வாக்களித்திருக்கிறேன்.

கடைசி நல்ல நாள் வந்தது. சாளரங்கள் திறந்திருந்தன, சாமரம் இல்லை. கிண்ணம் திறந்தபடி வைக்கப்பட்டு, முன்னோர் புகழ் பாடத் தொடங்கினர். நாச்சியாரின் பாட்டனார் கடல் கடந்த பகுதி பாடப்படுகையில் ஓர் ஈ வந்தது. பாடுவோர் பாடினர், அவர்கள் பாடியது யார் செவியிலும் ஏறவில்லை. ஈ கிண்ணத்தின் விளிம்பை ஒருமுறை சுற்றியது. நாச்சியாரின் கை அரியணையின் பிடியை இறுகப் பற்றியதைக் கண்டேன். என் கை என் மேலாடையைக் கிழித்திருந்ததைப் பிறகு கண்டேன். புதிதாகப் புளித்த சாற்றைவிடப் பழைய காடியின் வாசனை மிகுதியன்றோ? ஈ விலகி, அரியணையின் பின்னே நான் வைத்திருந்த கலத்தின் கூம்பில் அமர்ந்து, சற்றே தயங்கி, உள்ளே இறங்கியது. பாட்டு முடிந்தது. நாச்சியார் கிண்ணத்தை ஒரு துளி மீதமின்றிப் பருகி ஆணையிட்டார். பொலங்கொடியார் இன்று மருதவளை நாட்டின் முடிசூடிய அரசியார்.

ஆகவே சாவிகளுக்கு எண்ணெய் பூசும் வேலை நிறுத்தப்பட்டது. யானைகளைத் திருப்ப வேண்டியதில்லை. தாய்மாமன் விருந்தினராக அவற்றுடனேயே வருக என்று அரசியார் வேண்டுகிறார். யானைகள் உண்ணும் அளவு கழுவிய பழம் இங்கே ஆயத்தமாக உள்ளது. தங்கள் மகனார்க்கு வரும் தைத்திங்களில் இளவரசுப் பட்டம் சூட்டுவதாகவும், தங்கள் நாட்டிலும் கிண்ணம் திறந்தே இருக்கும் என்றும் கேள்வியுற்றோம். மாமன் மகன் ஈயால் முடியிழப்பதைத் தாம் விரும்பவில்லை என்று அரசியார் கூறியதால், எங்கள் நாட்டு வீடுகளுக்கெல்லாம் விடுத்த முதல் ஆணையின் படியையும் இதனுடன் விடுக்கிறோம்.

அரசியார் திருமுத்திரையும் அமைச்சர் கைச்சாத்தும் இவ்வோலையில் பொறிக்கப்பட்டன. இதைக் கேட்டவர் கேளாதவர்க்கு உரைக்கக் கடவர். ஆணையாவது:

வீட்டுக்கு வரும் பழத்தை வந்த அன்றே கழுவித் துடைத்து மூடி வைக்கவும். வெடித்ததையும் அழுகியதையும் வைத்திராமல் அகற்றவும். அறுத்த பழத்தைத் திறந்து வைத்து, ஈ மொய்த்தபின் உண்ண வேண்டாம். குப்பையை அன்றன்றே வெளியேற்றவும். தூம்பைத் தேய்த்துக் கொதிநீர் ஊற்றவும். துடைக்கும் துணியை உலர்த்தவும். இதற்குப் பிறகும் ஈ பறந்தால், காடியில் பூந்திக்கொட்டை நுரை கலந்து, கூம்பு செருகிய கலத்தில் வைக்கவும்.