கள்ளன்ரை அம்மா

ஒக்ரோபர் 9, 2004. சனி

வெயில். ஆனால் காது விறைக்கிற குளிர். ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடை வேலைக்கு அரைநாள் லீவு. என்னிடமிருந்து பூசணிக்காய்களுக்கு விடுதலை.

காரணம், நான் இப்போது நடிகை. சென்னைப் பிள்ளை காயத்ரி பல்கலைக்கழகத்துக்குப் படம் எடுக்கிறாள். அந்தக் காலத்து அவுஸ்திரேலிய ஊமைப்படம் ஒன்றை அதே மாதிரித் திரும்ப. காட்டுக் கள்ளன் கதை. நான் கள்ளனின் தாய். பொலிஸ், மேல்வீட்டு நடேசண்ணை. தொப்பி பெரிசு, ஆளின் கண்ணே தெரியவில்லை.

இங்கத்தை மலைப் பூங்காதான் படத்துக்கு அவுஸ்திரேலியா. கங்காரு கேட்டேன். அணில்தானாம்.

மகனைப் பிடிக்க வரும் பொலிஸின் காலில் தாய் விழ வேண்டும். காயத்ரி சொன்னாள்: "ஆன்டி, சத்தம் பதிவாகாது. ஆனா அவரைப் பாத்து நல்லா பேசுங்க. அப்புறம் விழுங்க."

பேசச் சொன்னால் விடுவேனா?

"நாசமாப் போவானே! தாயிருக்கிற வீட்டுக்குள்ள சப்பாத்தோட வாறியோ? நீயும் உன்ரை தொப்பியும்!"

நடேசண்ணை பின்வாங்கிப் பின்வாங்கிப் புதருக்குள்.

"கட்! ஏன் ஆன்டி திட்டுறீங்க?"

"நீர்தானே பிள்ளை பேசச் சொன்னனீர்?"

பிறகுதான் விளங்கியது. அவளுக்குப் பேசுவது என்றால் கதைப்பது. எங்களுக்கு ஏச்சு. புதருக்குள் இருந்தே அண்ணையின் சிரிப்பு.

"சரி, இப்ப விழுங்க."

"விழமாட்டன்."

ஒக். 10, ஞாயிறு

மழை. இடுப்பு நோ. வாங்க: பால், வெங்காயம், தைலம்.

காயத்ரி போன். பழைய படத்தில் தாய் விழுகிறாளாம். நான் விழாவிட்டால் வேறு ஆளாம்.

சொன்னேன்: "ஊரில செக்பொயின்ற்றில தம்பிக்காக ஆமிக்காரன்ரை காலில ஒருக்கா விழுந்தனான் பிள்ளை. அவனை விடேல்லை. விழுந்து பாத்தாச்சு."

 பிறகு இடுப்பைத் தடவிக்கொண்டே:

"வேற ஆளைப் பாரும். ஆனா அந்த நீளச் சட்டை நான் தைச்சது. தரமாட்டன்."

ஒக். 16, சனி

காற்று. இலையெல்லாம் சிவப்பு. படத்தில் கறுப்பாகத்தான் தெரியுமாம். அநியாயம்.

வேறு ஆள் இல்லை. நான்தான். படச்சுருள் ஒன்றுதான் மிச்சம், ஒரே தரம்தான் எடுக்கலாம். நடேசண்ணை துவக்கை நீட்டினார். நிமிர்ந்து நின்றேன். சொன்னேன். தொப்பியைக் கழற்றியது அவர். யாரும் கழற்றச் சொல்லவில்லை.

ஊமைப்படத்தில் சொன்னதை அட்டையில் எழுதிக் காட்ட வேண்டுமாம். உங்கள் கையாலேயே எழுதுங்கள் என்றாள் காயத்ரி. அஞ்சாம் வகுப்புக் கை. பெரிசாய் எழுதினேன்: விழமாட்டன்.

"ஆன்டி, 'மாட்டேன்'னு வரணும். ஒரு கொம்பு விட்டுப்போச்சு."

"மாட்டன் எண்டுதான் சொன்னனான். கொம்பை அண்ணையின்ரை தொப்பியில வையும்."