வலிக்கு மட்டும்

ஜூன் 9, திங்கள்

பொது மருத்துவ வார்டில் முதல் நாள். ஆகஸ்ட் முடியும்வரை இங்கேதான், பிறகு வேறு வார்டுக்கு மாற்றுவார்கள். வெள்ளைக் கோட்டு போட்டதும் நானும் ஏதோ பெரிய ஆள் ஆகிவிட்டதாக நினைப்பு. முதல் கட்டில்காரர் என்னைக் கூப்பிட்டு, "பாப்பா, அந்த ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வை" என்றார். கூட்டி வைத்தேன். மருந்தியல் படிப்புக்கு இவ்வளவுதான் மரியாதை.

வேலை என்னவென்றால், புதிதாகச் சேருகிறவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த மருந்துப் பையைக் கட்டில்மேல் கொட்ட வேண்டும். எது எதற்கு, எத்தனை வேளை, எப்போதிலிருந்து என்று கேட்டு எழுத வேண்டும். எங்களைப் பார்த்துக்கொள்ளும் மருந்தாளுநர் மேடம் ஒவ்வொரு அட்டையாகத் தூக்கிப் பிடித்து "எதுக்கு?" என்பார். பதில் தெரியாமல் விழித்தால் திட்டமாட்டார். அடுத்த அட்டையைத் தூக்கி மறுபடியும் "எதுக்கு?". திட்டினாலும் தேவலை. என்னோடு படிக்கும் தோழி, நான் ஒல்லி என்று கூப்பிடுகிறவள், மதியத்துக்குள் அவருக்கு 'எதுக்கு மேடம்' என்று பெயர் வைத்துவிட்டாள்.

ஜூன் 12, வியாழன்

மூக்குடைந்த நாள்.

முகமெல்லாம் வீங்கி ஒரு அம்மா சேர்ந்திருக்கிறார். சிறுநீரகக் கோளாறு. பையில் பிரஷர் மாத்திரை மட்டும். வேறு மருந்து ஏதாவது உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். இல்லை என்று எழுதினேன். மேடம் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "வலிக்கு என்ன போடுவீங்க?" என்று கேட்டார்.

"அதுவா? தினம் ரெண்டு போடுவேன், இடுப்புக்கு. அது இல்லாம எந்திரிக்கவே முடியாது. அதெல்லாம் மருந்தா என்ன?"

எத்தனை வருஷமாக? அவருக்கே நினைவில்லை. கடைசிப் பையன் பிறந்ததிலிருந்து என்றார். அந்தப் பையன்தான் பக்கத்தில் மீசையோடு நின்றுகொண்டிருந்தான்.

வெளியே வந்ததும் மேடம், "மருந்துன்னு கேட்டா இல்லைன்னுதான் சொல்வாங்க. வலிக்குன்னு தனியாக் கேக்கணும். அந்த மாத்திரைதான் கிட்னியைத் தின்னிருக்கு" என்றார். அவ்வளவுதான். நான்தான் அந்த அம்மாவின் முகத்தை நினைத்து நினைத்துச் சாப்பிடாமல் வந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

அந்த அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கிவிட்டார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

ஜூன் 21, சனி

அப்பா இன்று சீக்கிரமே வந்துவிட்டார். யாருடைய புது வீட்டிலோ தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறார், நாளெல்லாம் முட்டி போட்டபடிதான் வேலை. செருப்பைக் கழற்றினார். வார் பதிந்த இடம் காலில் பள்ளமாக இருந்தது. தொட்டேன். விரலால் அழுத்தினேன். விரலை எடுத்தும் குழி அப்படியே இருந்தது.

"என்ன டாக்டரம்மா, செங்கல் வெந்திருக்கான்னு பாக்குறியா?"

"ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களாப்பா?"

"எனக்கென்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன்."

அப்போதுதான் — மேடத்தின் கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கேட்காமலே விட்டிருக்கலாம். "முட்டி வலிக்கு?"

"அதான் உங்க மாமா குடுப்பாரே."

அதான் மாமா கொடுப்பாரே. எனக்கென்ன தெரியாதா? அந்தப் பழுப்புக் காகித உறையைப் பார்த்துத்தானே வளர்ந்தேன். தெருமுனையில் மாமாவின் மருந்துக் கடை. அம்மாவின் அண்ணன். அம்மாவை வளர்த்து, கட்டிக் கொடுத்து, என்னை இந்தப் படிப்பில் சேர்த்துவிட்டதும் அவர்தான். எங்கள் வீட்டில் யாரும் டாக்டரிடம் போனதில்லை. "நமக்கென்ன, கடையே கையில இருக்கு" என்று அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை. உறைக்குள் காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று. கூடவே வயிறு புண்ணாகக் கூடாதென்று இன்னொரு சின்ன மாத்திரை. மாமா அவ்வளவு பார்த்துப் பார்த்துக் கொடுப்பார்.

இரண்டு வாரமாக ஊரார் பையை எல்லாம் கொட்டிக் கேட்கிறேன். வீட்டில் ஒரு வார்த்தை கேட்டேனா?

ஜூன் 24, செவ்வாய்

நேற்று அப்பாவை வற்புறுத்திக் கூட்டிப்போய் எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்தது. அப்பாவுக்கு முன்னால், டாக்டருக்கும் முன்னால் நான்தான் பார்த்தேன். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 4.8. ஒன்றைத் தாண்டினாலே மேடம் "எதுக்கு?" என்று கேட்பார். படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஒல்லி தண்ணீர் வாங்கி வந்தாள்.

சிறுநீரக டாக்டர் அறையில் அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் கோட்டோடு பின்னால் நின்றேன்.

"வலி மாத்திரை ஏதாவது போடுறீங்களா?"

"இல்லீங்க டாக்டர்."

கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "போடுறார் டாக்டர். பல வருஷமா" என்று சொல்லிவிட்டேன். யார் எழுதிக் கொடுத்தது என்று டாக்டர் கேட்டார். அப்பா முந்திக்கொண்டார்: "நானே வாங்கிப் போட்டதுங்க."

மாத்திரையை அடியோடு நிறுத்தினால் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், நிறுத்தாவிட்டால் டயாலிசிஸ் மிஷின்தான் என்றார் டாக்டர். பேருந்தில் அப்பா ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். எங்கள் நிறுத்தத்தில் இறங்கும்போது கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

ஜூன் 25, புதன்

பேரம் படிந்தது. அப்பா மாத்திரையைத் தொடமாட்டார். நான் மாமாவிடமும் அம்மாவிடமும் வாய் திறக்கக் கூடாது. பிரஷரால் வந்தது என்று சொல்லிக்கொள்ள வேண்டும்.

"மாமா தெரிஞ்சுக்கட்டுமேப்பா. இன்னும் எத்தனை பேருக்குக் கொடுக்கிறாரோ?"

"தெரிஞ்சா இந்த வாசப்படி மிதிப்பானா அவன்? உங்கம்மாவுக்கு அவனை விட்டா யாரு இருக்கா? என் கிட்னி போனாப் போகட்டும். அவளுக்கு அண்ணன் போகக் கூடாது."

சரி என்று அவர் கையில் அடித்துக் கொடுத்தேன்.

ஜூலை 4, வெள்ளி

முட்டி வலியில் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். டாக்டர் எழுதிய, சிறுநீரகத்தைக் கெடுக்காத லேசான மாத்திரை கேட்கவில்லையாம். கேட்காதுதான்.

ஜூலை 15, செவ்வாய்

கிரியாட்டினின் 4.1! இறங்கியிருக்கிறது. ஒல்லியைக் கட்டிக்கொண்டு வார்டு வாசலிலேயே குதித்தேன். எதுக்கு மேடம் அந்தப் பக்கம் வந்தார், நல்லவேளை எதுக்கு என்று கேட்கவில்லை.

சாயங்காலம் மாமா வந்தார். கையில் அதே பழுப்பு உறை. "மாப்ள நொண்டுறார்னு தங்கச்சி சொன்னா. என்ன மாப்ள, மாத்திரையை ஒழுங்காப் போடுறதில்லையா?"

"போடுறேன் மச்சான்" என்று அப்பா சிரித்தபடி வாங்கி, வேலைப் பையில் போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். கொட்டிவிடுகிறேன் என்று அர்த்தம்.

மாமா என் தலையில் தட்டி, "சீக்கிரம் படிச்சு முடி, கடையில உக்காரணும் நீ. எனக்குக் கண்ணு தெரிய மாட்டேங்குது" என்றார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இரண்டு வாரமாக அப்பா நன்றாக நடக்கிறார். படி ஏறுகிறார். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான் சந்தேகம்.

அவர் குளிக்கப் போன நேரம் வேலைப் பையைத் தரையில் கொட்டினேன். வார்டில் செய்கிற மாதிரியே. கொத்துக் கரண்டி, ரப்பர் சுத்தியல், அளவு நாடா, நூல் கண்டு, முட்டிக்குக் கட்டும் பஞ்சுப்பட்டை. பட்டைக்குள் சொருகிய பழுப்பு உறைகள். மூன்று. இரண்டு காலி.

அப்பா ஈரத் தலையோடு வந்து நின்றார். கோபமே இல்லை அவரிடம். "முடியலம்மா. வேலைக்குப் போகாம உக்கார முடியுமா? வலிக்கு மட்டும்தானே போட்டேன்."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன். அப்பாகிட்ட அப்படியெல்லாம் பேசலாமா? பேசிட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

வார்டுக்குப் போகவில்லை. நேராகக் கடைக்குப் போனேன். பேரத்தை அப்பா மீறிவிட்டார், நானும் மீறலாம் என்று என் நியாயம்.

மாமா ஸ்டூலில் உட்கார்ந்து தூசி தட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். நிறுத்தி நிறுத்தி, நோயாளியின் உறவினரிடம் சொல்வதுபோல் சொன்னேன். மாமாவும் மருந்து படித்தவர்தான். சட்டம் போட்ட சான்றிதழ் அவர் தலைக்கு மேல் தொங்கியது.

"கிரியாட்டினின் எவ்வளவு?"

சொன்னேன். தூசித்துணியை நான்காக மடித்தார். பிரித்தார். திரும்பவும் மடித்தார். "நான் வயித்துக்குத்தான் பயந்தேன் பாப்பா. வயித்துக்குத்தான் மாத்திரை சேத்துக் குடுத்தேன்."

அந்த நேரம் பார்த்து ஒரு ஆள் வந்து, "அண்ணே, முட்டிக்கு எப்பவும் குடுக்கிறது" என்றார். மாமாவின் கை தானாக இழுப்பறைக்குப் போனது. கத்தரித்தார், உறையில் போட்டார், கொடுத்தார். அந்த ஆள் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் மாமா தன் கையைப் பார்த்தார். கவுன்டர் பலகையைத் தூக்கிவிட்டுத் தெருவுக்கு ஓடினார். செருப்புகூடப் போடவில்லை. தெரு வளைவுவரை போய் வெறுங்கையோடு திரும்பி வந்து, ஷட்டரை இழுத்துவிட்டு, "நீ வீட்டுக்குப் போ" என்றார்.

ஆகஸ்ட் 13, புதன்

மாமா வருவதில்லை. போனையும் எடுப்பதில்லை. "என்ன தப்பு பண்ணினேன் எங்கண்ணனுக்கு?" என்று அம்மா என்னிடமே கேட்கிறாள். அப்பா என்னோடு பேசுவதில்லை. நான் சொல்லிவிட்டேன் என்று அவருக்குத் தெரியும். அவர் பயந்தது அப்படியே நடந்துவிட்டது.

ஆகஸ்ட் 18, திங்கள்

விடிந்ததிலிருந்து அப்பாவுக்கு வாந்தி. மூச்சு வாங்கியது. என் வார்டிலேயே சேர்த்தோம், ஜூனில் முகம் வீங்கி வந்த அந்த அம்மா இருந்த கட்டிலுக்கு எதிர்க் கட்டில். கிரியாட்டினின் 8.6.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கழுத்தில் குழாய் போட்டார்கள். இனி வாரம் இரண்டு முறை மிஷின். மேடம் எதுவும் கேட்காமல் என் தோளில் கை வைத்தார். கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

சொல்லியிருக்க வேண்டும். ஜூன் மாசமே மாமாகிட்ட சொல்லியிருக்கணும். இல்ல, சொல்லவே கூடாதா? சொல்லாமலும் கெட்டது, சொல்லியும் கெட்டது. போதும், மூடி வைக்கிறேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

புது போஸ்டிங், டயாலிசிஸ் பிரிவு. பட்டியலைப் பார்த்ததும் ஒல்லி, "நீ வேணும்னா மாத்திக்கிறியா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். எப்படியும் செவ்வாயும் வெள்ளியும் அப்பாவோடு இங்கேதானே இருப்பேன்.

பிரிவு மாறினால் மருந்து விவரம் புதிதாகக் கேட்டு எழுத வேண்டும். சொந்தக்காரர்களை நாமே கேட்கக் கூடாது என்று மேடம் சொல்லிவிட்டதால் அப்பாவை ஒல்லி கேட்டாள். நான் அடுத்த நாற்காலிக்காரரின் பையைக் கொட்டிக்கொண்டிருந்தேன். அம்மா ஃபிளாஸ்க்கோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் ரத்தம் குழாயில் போய்க்கொண்டிருந்தது.

"வலிக்கு ஏதாவது போட்டிருக்கீங்களா அங்கிள்?"

"இல்லம்மா" என்றார் அப்பா. இப்போதும்.

"போட்டார்."

வாசலில் மாமா நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. சவரம் செய்யாத முகம். மருந்துக் கடைக்காரர் சீட்டைப் படித்துக் காட்டுகிற குரலில், ஒல்லி எழுதுவதற்கு நேரம் விட்டு விட்டுச் சொன்னார்: "டைக்ளோஃபெனாக், ஐம்பது மில்லிகிராம். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. பதினோரு வருஷம். டாக்டர் சீட்டு கிடையாது. நான்தான் குடுத்தேன்."

ஒல்லி பேனாவோடு என்னைப் பார்த்தாள். எழுது என்று தலையசைத்தேன்.

"மச்சான், எதுக்கு இதெல்லாம்..." என்ற அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஆடாதீங்க, குழாய் இழுக்கும் என்று சிஸ்டர் வந்து பிடித்தார்.

அம்மாவுக்கு இன்றுதான் தெரியும். அண்ணனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்பாவின் கழுத்துக் குழாயை வெகுநேரம் பார்த்தாள். அழுவாள், இல்லை திட்டுவாள் என்று நான் எழுந்து நின்றேன். முந்தானையால் ஃபிளாஸ்க்கின் மூடியைத் துடைத்தாள். மாமா அப்படியே நின்றுகொண்டிருந்தார். பெஞ்சில் உட்கார அவருக்குத் தைரியம் இல்லை.

மிஷின் முடியும் நேரத்தில் அம்மா ஃபிளாஸ்க்கைத் திறந்தாள். அப்பாவுக்குத் தண்ணீர் அளவு உண்டு என்பதால் அரை வாய் டீ கொடுத்தாள். மூடியில் இன்னொரு டீ ஊற்றி, யார் முகத்தையும் பார்க்காமல், வாசல் பக்கமாகக் கையை நீட்டினாள். மாமா வந்து வாங்கிக்கொள்ளும்வரை நீட்டியபடியே இருந்தாள்.