சுர்ரென்று வந்த தட்டு

மதினி, இன்று மத்தியானம் கோவளத்தில் கடலைப் பார்த்த ஓட்டல் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். மகள்தான் கூட்டி வந்தாள். நாம் வந்துபோன ஊர் என்று அவளிடம் சொல்லவில்லை. பக்கத்து மேசைக்குப் பழுக்கக் காய்ந்த இரும்புத் தட்டில் புகை பறக்க மீன் வந்தது. சுர்ரென்ற சத்தம் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனி அடைத்திருந்த நாட்களில், ஒரே ரூமில் வெடிமருந்து அடைக்கிற நாம் நாலு பொம்பளைகளும் வேன் பிடித்து இந்தக் கடற்கரைக்கு வந்தோமே. மூன்று வேளையும் ஓட்டல் சாப்பாடு, பாத்திரம் கழுவுகிற வேலையில்லை என்று என்ன ஆட்டம் போட்டோம்! எந்த ஓட்டலிலும், ஓடத் தோதாக, வாசலை ஒட்டிய நாற்காலிதான் உங்களுக்கு வேண்டும். ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல் ஆகாது என்று கம்பெனிச் சட்டம் பேசி, ஐந்தாவதாக வந்து உட்கார்ந்த டிரைவரை வேறு மேசைக்கு விரட்டினீர்கள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது.

இரண்டாம் நாள் மத்தியானம் இதே மாதிரி ஒரு தட்டு பக்கத்து மேசைக்கு வந்தது. சத்தமும் புகையும் கண்டதுதான் தாமதம், ஓடச் சொல்லிக் கத்தி, என்னை வாசல் பக்கம் தள்ளிவிட்டு, ஜக்குத் தண்ணீரை அப்படியே அதன்மேல் கொட்டினீர்கள். எண்ணெய் தெறித்து அந்த மேசைக்காரன் கை வெந்தது. எழுந்து உங்களை ஓங்கி அறைந்தான். உதடு கிழிந்து சேலையில் ரத்தம் சொட்டியது. நான் அவன் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். பாவி, உங்களைத்தான் பிடித்து உலுக்கினேன்.

"மானத்த வாங்காதீக மதினி. எது வெடி, எது சோறுன்னு தெரியாதா?"

ஓட்டலே நம்மைப் பார்த்தது. நீங்கள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, இறால் சோற்றைத் தொடாமல் எழுந்துவிட்டீர்கள். வேன் கிளம்பிய பிறகு என் பக்கம் திரும்பினீர்கள்.

"இனிமே உன்னையக் கேட்டுட்டுத்தான் புள்ள கத்துவேன்."

கோபமா, கேலியா என்று அன்று நான் யோசிக்கவில்லை.

அடுத்து வந்த சித்திரை வெயிலில் ஒரு நாள், கம்பெனி ரூமிலிருந்து மற்ற இருவரும் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்கள். உங்கள் பக்கத்தில் மருந்து சுர்ரென்றது. ஒரு சின்னச் சத்தத்துக்கே கத்துகிற நீங்கள், அன்று என் முகத்தைப் பார்த்தீர்கள்.

"உனக்குக் கேக்குதா புள்ள?"

நான் தலையாட்டிய பிறகுதான் என்னை வெளியே தள்ளினீர்கள். குப்புற விழுந்து திரும்பிப் பார்த்தேன், ரூம் இல்லை. செங்கல்லும் தீயும் என் முதுகில் வந்து விழுந்தன. வேலிக்கு அப்பால் கிடந்த உங்களை, கால் மெட்டியை வைத்துத்தான் அண்ணன் தன் பெண்டாட்டி என்று அடையாளம் சொன்னான். என்னைக் கேட்ட நேரத்தில் நீங்கள் வாசலைத் தாண்டியிருப்பீர்கள். அந்தக் கேள்வியை உங்கள் வாயில் வைத்தவள் நான்தான்.

இன்று வந்தது மீன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் மகளை நாற்காலியோடு தள்ளிவிட்டு, ஜக்கைத் தூக்கி அந்தத் தட்டில் கவிழ்த்தேன். மேசைக்காரர் வாய்க்கு வந்தபடி வைதார். முழங்கை சிராய்த்துத் தரையில் கிடந்த மகள், எல்லாரும் பார்க்கிறார்கள் என்று அழுதாள்.

பார்க்கட்டும். நான் யாரையும் கேட்கவில்லை மதினி.