இருபத்து நாலாவது கோட்டு

ஞாயிறு காலை

என் அன்புள்ளவளுக்கு,

வழக்கமாக இந்த இடத்தில் "இங்கே இருவரும் சௌக்கியம், ஒரு குறையும் இல்லை" என்று எழுதிவிட்டுத்தான் மேலே போவேன். இந்தத் தடவை அந்த வரியை விட்டுவிட்டேன். நீ கவனித்திருப்பாய். பயப்படாதே, யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் கடிதம் வந்து பதினோரு நாள் ஆகிறது. ஏஜென்சிக்காரர் மறுபடி இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார், மாசக் கடைசிக்குள் சொல்ல வேண்டும், "நீங்க என்ன சொல்றீங்களோ அப்படியே செஞ்சிடுறேன்" என்று எழுதியிருந்தாய். இதையெல்லாம் போனில் பேச முடியாது என்று எனக்கும் தெரியும். அந்தத் தூர தேசத்தில், நீ பார்த்துக்கொள்ளும் அந்த அம்மாளின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவருடைய மருமகள் காது கேட்கப் பேசினால், "சாப்டியா", "சாப்டேன்" என்பதைத் தாண்டி நாம் எங்கே போவது? போன தடவையும் இதே கேள்வியைத்தான் கேட்டாய். நான் ஒரு நாள்கூட யோசிக்காமல் "போடு" என்று எழுதிப் போட்டுவிட்டேன். இந்தத் தடவை பேனாவை எடுப்பதும் வைப்பதுமாகவே பதினோரு நாள் போய்விட்டது. என் பதில் இந்தக் கடிதத்திலேயே இருக்கிறது. அதற்கு முன்னால் கோட்டு விஷயத்தை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் முன்னறைக் கடை நீ விட்டுப் போனபடியேதான் இருக்கிறது. அதே மேஜை, அதே மிஷின், திறந்தால் எதிர்வீட்டுச் சுவரில் போய் இடிக்கிற அதே ஜன்னல். கம்பெனி இஸ்திரி பிரஸ்ஸில் மாட்டிய கையில் அந்த இரண்டு விரலும் இன்னும் மடங்கவில்லை. ஜிப் மாற்றுவது, பேன்ட் குட்டையாக்குவது, இதோடு சரி. ஒரு காலத்தில் நாற்பது பேர் தைக்கத் துணி வெட்டிப் போட்ட கட்டிங் மாஸ்டர் நான்! அரை மணி நேரம் கடையைச் சாத்தினால் வருகிறவர்கள் மூலைக் கடைக்குப் போய்விடுவார்களோ என்ற பயத்தில் பஸ் நிறுத்தத்தைத் தாண்டி நான் போவதே அபூர்வம். உனக்காவது ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் அந்த வீட்டுக் கதவு திறக்கிறது. எனக்கு அதுவும் கிடையாது. நடுவில் உன் மகன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து, அதன் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேசுவான். அதனால்தான் தெருப் பையன்கள் அவனுக்குச் சங்கு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆலைச் சங்கு ஊதுகிற மாதிரி இருக்கிறதாம்.

அவனைப் பாட்டுக் குழுவில் சேர்த்திருக்கிறேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா, அது இப்படித்தான் நடந்தது. பகலில் மருந்துக் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண், பாவாடைக்கு ஜிப் மாற்ற வந்தார். உன் மகன் உள்ளே இருந்து "அப்பா, பென்சில் எங்க?" என்று ஒரு சத்தம் போட்டான். அந்தப் பெண் பதறிப் போவார் என்று பார்த்தால், சிரித்துக்கொண்டு, "இந்தத் தொண்டைய எனக்குக் குடுங்க" என்றார். சாயங்காலம் சமூகக் கூடத்தில் சிறுவர் சேர்ந்திசைக் குழு நடத்துகிறவர் அவர்தானாம். நாலிலிருந்து ஆறு மணி வரை பையன் வேறொரு கூரைக்குக் கீழே இருந்தால் போதும் என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

ஜோராகப் பாடுகிறான் என்று உனக்கு எழுதினேனே, அது பொய். முதல் மாசம் டீச்சர் அவனைப் பாடவே விடவில்லை. தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, வயிற்றின் மேல் ஒரு தடிப் புத்தகத்தை வைத்து, அது ஏறி இறங்குகிறதா என்று பார்த்தார். காற்றை மெல்ல மெல்ல விட்டு இருபது எண்ண வேண்டும். இவன் எட்டிலேயே பலூன் மாதிரிப் போய்விடுவான். "தோளத் தூக்காத. கத்துறது தொண்டை, பாடுறது வயிறு" என்பாராம். பாட ஆரம்பித்ததும் இன்னும் மோசம். இருபத்து மூன்று குரலுக்கு நடுவே இவன் குரல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நின்றதாம். "பக்கத்துல நிக்கிறவன் பாடுறது உனக்குக் கேக்கலைன்னா நீ கத்துறேன்னு அர்த்தம்" என்று அவர் சொன்னதை வீட்டில் வந்து சொல்லி, இனிமேல் போகமாட்டேன் என்று புத்தகப் பையை வீசினான். நானும் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சேர்ந்தாச்சு, நிகழ்ச்சி முடிகிற வரைக்கும் யாரும் நடுவில் விலகக் கூடாது என்பது அவர்கள் விதி, மாட்டினது மாட்டினதுதான் என்றேன். அதே வார்த்தையை எனக்கும் சொல்லிக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஒரு நாள் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஏதோ கேட்டது. மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன். உன் மகன் பாடிக்கொண்டிருந்தான். மெதுவாக, தனக்குள்ளேயே, ஒரே இழையாக. நான் நிறுத்தியது தெரிந்ததும் அவனும் நிறுத்திவிட்டான். "பாடுடா" என்றேன். "பக்கத்துல யாரும் இல்லாம எப்படிப்பா பாடுறது?" என்றான். நாலு வருஷமாகக் கத்திக்கொண்டிருந்த பையன்!

போன மாசம் நிகழ்ச்சிக்குக் கோட்டு வேண்டும் என்று டீச்சர் வந்தார். இருபத்து நாலு பையன்களுக்கும் கருநீலத்தில் ஒரே மாதிரி. கம்பெனியை விட்டதிலிருந்து என் கைக்கு வந்த முதல் பெரிய வேலை. கூடத்துக்கே போய், ஒவ்வொருவனையும் நேராக, அசையாமல் நிறுத்தி, டேப்பை மார்பைச் சுற்றிப் போட்டு அளவெடுத்தேன். மடங்காத விரலோடு நாலு வாரம் வெட்டினேன், தைத்தேன். பெருமையாகச் சொல்கிறேன், ஒரு முதுகில் ஒரு சுருக்கம் கிடையாது. நம் பையனுடைய கோட்டைக் கடைசியாக, மிச்சத் துணியில் வெட்டினேன். டெய்லர் வீட்டுப் பிள்ளைக்கு எப்போதும் மிச்சத் துணிதானே. ஒத்திகைக்கு மூன்று நாளுக்கு முன்னால் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். உன் மகன் போட்டுப் பார்த்து, "சரியா இருக்குப்பா" என்றான்.

புதன்கிழமை கோட்டு போட்டு ஒத்திகை. பக்கத்து லாண்டரிக்காரரைக் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நானும் போனேன். பந்து விளையாடக் கோடு போட்ட தரையில், மூன்று வரிசையாக நின்றார்கள். கண்ணுக்கு நிறைவாக இருந்தது. பாட ஆரம்பித்தார்கள். எனக்குப் பாட்டு தெரியாது, ஆனால் தவறு என்று தெரிந்தது. குரல் நூலாக வந்தது. பன்னிரண்டு எண்ணும் வரைக்கும் இழுக்க வேண்டிய இடத்தில் ஏழிலேயே ஒவ்வொருவனாக நின்றான். டீச்சர் மறுபடி ஆரம்பித்தார், மறுபடி ஏழு. "நேத்து வரைக்கும் நல்லாத்தானே பாடினீங்க? என்னடா ஆச்சு?" என்று கோபப்பட்டார். எல்லாரும் உன் மகனைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான்.

முன்வரிசையில் ஒரு பொடியன், ஏழு வயது இருக்கும். அவனுக்குத்தான் தாங்கவில்லை. "கோட்டு டைட்டா இருக்கு மிஸ். மூச்சு இழுக்க முடியல. சொல்லக் கூடாதுன்னு சங்கு சொல்லியிருக்கான். அவங்க அப்பா தச்சதாம்" என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டான்.

எனக்குக் காது இரண்டும் சுட்டது. விஷயம் உடனே புரிந்துவிட்டது. சும்மா நிற்கிற பையனுக்கு நான் அளவெடுத்திருக்கிறேன். பாடுகிற பையனின் விலா அடியில் இரண்டு இஞ்ச் விரிகிறது. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி அளவெடுத்திருக்க வேண்டும். இருபத்தைந்து வருஷத் தொழிலில் இது எனக்குத் தோன்றவே இல்லை. டீச்சரும் அளவெடுக்கும்போது பக்கத்தில்தான் நின்றார், அவருக்கும் தோன்றவில்லை. தெரிந்தது பையன்களுக்கு மட்டும்தான். இருபத்து மூன்று பேரையும் ஒவ்வொருவனாகப் பிடித்து, மூன்று நாள் வாயை மூட வைத்திருக்கிறான் உன் மகன்.

வரும் வழியில் கேட்டேன். அதட்டினேன். பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "கோட்டு சரியில்லைன்னா இனிமே யாரும் உங்களுக்குப் பெரிய வேலை தரமாட்டாங்க. வேலை இல்லைன்னா அம்மா கையெழுத்துப் போட்டுடுவாங்க."

உன் கடிதத்தை நூல்கண்டு டிராயரில், பட்டன் டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். எப்போது படித்தான் என்று தெரியவில்லை. பதினோரு வயதுப் பையன், மூச்சு முட்டுகிற கோட்டுக்குள் நின்றுகொண்டு "சரியா இருக்குப்பா" என்று சொல்லியிருக்கிறான். எங்கேயடா இதைக் கற்றுக்கொண்டாய் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. போனை எடுத்தால் நீ சொல்வது என்ன, நான் சொல்வது என்ன? ஒரு குறையும் இல்லை என்றுதானே. அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

வியாழனும் வெள்ளியும் கடையில் வேறு வேலை எதையும் தொடவில்லை. வளர்கிற பிள்ளைகள் என்று பக்கத் தையலில் உள்ளே துணி விட்டு வைப்பது என் பழக்கம், அது காப்பாற்றியது. டீச்சர் லீவு போட்டுவிட்டு வந்து பிளேடை வைத்துக்கொண்டு தையல் பிரித்தார். லாண்டரிக்காரர் பழைய தையல் தடம் தெரியாமல் தேய்த்துத் தேய்த்துக் கொடுத்தார், "மாஸ்டர், அடுத்து யானைக்குக் கோட்டு தைச்சாலும் முதல்ல அத மூச்சு விடச் சொல்லிட்டுத் தைங்க" என்று கேலியும் செய்தார். இருபத்து மூன்று கோட்டும் சரியாகிவிட்டன. நம் பையனுடையது மட்டும் ஆகவில்லை. மிச்சத் துணியில் வெட்டினது, உள்ளே விட ஒரு நூல்கூட இல்லை.

கடைசியில் அதன் முதுகுத் தையலைக் கழுத்திலிருந்து அடி வரைக்கும் பிரித்துவிட்டேன். முன்னால் பார்த்தால் கோட்டு, பின்னால் பார்த்தால் வெறும் சட்டை. டீச்சர் அவனைக் கடைசி வரிசையில் நிறுத்தினார்.

நேற்று நிகழ்ச்சி. எல்லாரும் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நான் பையன்களுக்குப் பின்னால், திரைச்சீலைக்கு அருகில் நின்றுகொண்டேன், ஏதாவது பிரிந்தால் தைக்கலாம் என்று கையில் ஊசியோடு. அதனால் எனக்கு அவன் முகம் தெரியவில்லை, முதுகு மட்டும்தான் தெரிந்தது. அவர்கள் பாடப் பாட, அந்தப் பிளவுக்கு நடுவே வெள்ளைச் சட்டை அகன்று, சுருங்கி, மறுபடி அகன்றது. அந்த நீண்ட இடம் வந்தது. நான் எண்ணினேன். ஏழு தாண்டியது, பத்து தாண்டியது, பன்னிரண்டு வரைக்கும் நின்றது. அவன் குரல் எது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதுதான் சரியாம், டீச்சர் பிறகு சொன்னார். இவ்வளவு நல்லதை நான் தனியாகக் கேட்டேனே என்று உன் மேல் கோபம் வந்தது. பிறகு என் மேல் வந்தது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். கையெழுத்துப் போடாதே.

நீ வந்தால் எப்படிச் சமாளிப்போம் என்று எனக்குத் தெரியாது. டீச்சர் இன்னொரு பாட்டுக் குழுவுக்குச் சொல்லி அனுப்புகிறேன் என்கிறார், அந்தத் தையல் வேலை வரலாம், வராமலும் போகலாம். உன் பாஸ்போர்ட் அந்த வீட்டு பீரோவில் இருக்கிறது, கேட்டால் உடனே எடுத்துக் கொடுப்பார்கள் என்று நினைக்கிற அளவுக்கு நான் ஏமாளி இல்லை. இன்றைக்குச் சொன்னால் நாளைக்கு விடமாட்டார்கள். அந்த அம்மாளும் பாவம்தான், உன் கையைத் தவிர வேறு கையில் சாப்பிடமாட்டார் என்று எழுதியிருந்தாய். அதெல்லாம் இருக்கட்டும். நீ முதலில் வாய் திறந்து சொல். மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தாலும் சொல்.

இந்தக் கடிதத்தில் ஒரு வரி எழுதடா என்று பையனிடம் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டான். "நான் கூப்பிட்டா அம்மா அழுவாங்க, அவ்வளவுதான். நீங்க கூப்பிடுங்கப்பா. நீங்க ஒரு தடவகூடக் கூப்பிட்டதில்ல" என்றான்.

உண்மைதான். போகிற அன்றைக்குக்கூட "பத்திரமா போய்ட்டு வா" என்று சொன்னேனே தவிர, எப்போது என்று கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். எப்போதம்மா வருகிறாய்? வந்துவிடு.

உன் வழியைப் பார்த்துக்கொண்டு,
உன் வீட்டுக்காரன்