வாசலில் நின்ற சிவப்பு வண்டி

மார்ச் 4
ரேஷன் கடை வரிசையில் மூன்று மணி நேரம். என் முறை வந்ததும் கடைக்காரர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "உங்க பேரை எடுத்துட்டாங்கம்மா." ஏனென்று அவருக்கும் தெரியாதாம். பானையில் நான்கு நாளுக்குத்தான் அரிசி. மூட்டை தூக்கும் என் வீட்டுக்காரர் முதுகு பிடித்துப் படுத்து ஒரு மாதம் ஆகிறது. அவரிடம் கடை பூட்டியிருந்தது என்று பொய் சொன்னேன்.

மார்ச் 6
களையெடுப்புக்குப் போகாமல் தாலுகா அலுவலகம் போனேன். "வண்டி வச்சிருக்கிற வீட்டுக்கு இலவச அரிசி கிடையாது" என்றார் குமாஸ்தா. வண்டியா? எங்களுக்குச் சைக்கிளுக்கே வக்கில்லை! கணினியில் படம் காட்டினார். எங்கள் வாசல்தான். நடுவில் ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிள், சீட்டுக் கிழிசலில் நீல டேப். பார்த்ததும் தெரிந்துவிட்டது. போன மாதம் ரேஷன் அட்டைக்காக வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்தவருடைய வண்டி! அதை வாசலில் நிறுத்திவிட்டுத் தள்ளி நின்று வீட்டைப் படம் பிடித்தார். குடிக்கத் தண்ணீர் வேறு கொடுத்தேன். அதைச் சொன்னால் குமாஸ்தா கேட்கிறார்:

"யாரோடதா இருந்தா என்ன? உங்க வாசல்லதானே நிக்குது?"

அடப்பாவி! என் வாசலில் தெருநாய்கூடத்தான் படுத்திருக்கிறது. அதுவும் என் சொத்தா?

மார்ச் 7
விட மாட்டேன்.

மார்ச் 9
எங்கள் தெருவில் ஆறு வீட்டுக்கு அரிசி நின்றிருக்கிறது. கோழி வளர்க்கும் அக்கா ஒரு வேளைதான் சாப்பிடுகிறாள். "நமக்கெதுக்குடி வம்பு? இருக்கிறதையும் பிடுங்கிடுவாங்க" என்றாள்.

"பிடுங்க என்னக்கா மிச்சம் இருக்கு?"

சிரித்துவிட்டாள். வருகிறாளாம்.

மார்ச் 11
ஆறு பேரும் போனோம். "ஆறு வீட்டுப் படத்தையும் திறங்க சார்" என்றேன். குமாஸ்தா முடியாது என்றார். தரையில் உட்கார்ந்துவிட்டோம். சத்தம் கேட்டு அதிகாரியே வந்து திறக்கச் சொன்னார். ஆறு வாசலிலும் அதே சிவப்பு வண்டி, அதே நீல டேப்.

"ஒரே மாப்பிள்ளை ஆறு வீட்டுலயும் பொண்ணு பார்த்திருக்கான்!" என்றாள் அக்கா.

நான் அதிகாரியிடம் கேட்டேன்: "ஒண்ணு அரிசியைக் குடுங்க. இல்ல, வண்டிச் சாவியைக் குடுங்க. முறை வச்சு ஓட்டிக்கிறோம்." அதிகாரி சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

மார்ச் 20
இன்றும் இரவல் அரிசி. வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "சாவி வந்தா முதல் நாள் எனக்கு" என்றார்.

மார்ச் 27
கணக்கெடுப்பவர் மறுபடி வந்தார், வேர்க்க விறுவிறுக்க, நடந்து. வண்டி தெருமுனையில் நிற்கிறதாம். படம் பிடிக்கப் போனைத் தூக்கினார். வாசலில் நாய் படுத்திருந்தது. "அதைக் கிளப்பட்டுமா சார்?" என்றேன். இந்த முறை தண்ணீர் கொடுக்கவில்லை.

ஏப்ரல் 4
ஆறு வீட்டுக்கும் அரிசி வந்தது. போன மாத அரிசி கிடையாது என்றார் கடைக்காரர். நான் வாயைத் திறப்பதற்குள் கோழி அக்கா முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"யாரு சொன்னது? போன மாசம் நாங்க அரிசி வாங்கின மாதிரி படம் இருந்தா காட்டுங்க."